ஸ்போர்ட்ஸ் கார் பெயிண்ட்டும் சுழல் கீறலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபெராரி, லம்போர்கினி, மெக்லாரன், போர்ஷே போன்ற வண்டிகளின் பெயிண்ட்டைச் சரிசெய்வது பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். பாலிஷ் மெஷினை வாங்கிவிட்டு, பெட்டியைப் பிரிக்கும் முன் இதைப் படித்தால் நல்லது.

சுழல் கீறல் என்றால் என்ன? நிழலில் கண்ணாடி மாதிரி இருக்கும் பெயிண்ட் வெயிலில் மட்டும் ஏன் சிலந்தி வலை போலத் தெரிகிறது?

நிறப் பூச்சுக்கு மேலே நிறமே இல்லாத ஒரு படலம் இருக்கிறது. கிளியர் கோட் என்பது அதுதான். அதன் மேற்பரப்பில் விழுந்த மிக நுண்ணிய கீறல்களைத்தான் சுழல் கீறல் என்கிறோம். ஸ்வர்ல் என்று சொன்னாலும் இதேதான். விரலால் தடவினால் எதுவும் தட்டுப்படாது.

சுழல் என்பது பெயரளவுக்குத்தான். பெரும்பாலானவை குட்டிக் குட்டி நேர்க்கோடுகள், எல்லாத் திசையிலும் கண்டபடி கிடக்கும். வெயிலோ விளக்கோ ஒரே புள்ளியாக விழும்போது, அந்தப் புள்ளியை வளைத்தாற்போல் கிடக்கும் கீறல்கள் மட்டும் வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்பி விடுகின்றன. குறுக்கே கிடப்பவை கண்ணுக்குப் படுவதே இல்லை. சந்தேகம் இருந்தால் பானெட்டுக்கு மேலே ஒரு டார்ச்சைப் பிடித்து மெல்ல நகர்த்திப் பாருங்கள். வட்டமும் விளக்கோடு சேர்ந்து நகரும். துலக்கித் துலக்கித் தேய்ந்த எவர்சில்வர் தட்டை ஜன்னலோரம் திருப்பிப் பார்த்தாலும் இதே வேடிக்கைதான்.

டியூப் லைட் வெளிச்சம் பரவலாக விழுவதால் கீறலை மறைத்துவிடும். பெயிண்ட்டின் உண்மையான நிலை தெரிய வேண்டுமென்றால் நல்ல வெயிலில் பாருங்கள், இல்லையென்றால் ஒற்றை எல்.இ.டி. விளக்கில் பாருங்கள்.

வண்டி அதிகம் ஓடவே இல்லை. மூடிய கொட்டகையில்தான் நிற்கிறது. அப்புறம் எப்படிக் கீறல்?

ஓடுவதால் முன்பக்கத்தில் கல் தெறித்த புள்ளிகள் விழும். சுழல் கீறல் வருவது துடைப்பதால். நிற்கும் வண்டியில் மெல்லிய தூசி படியும். உரிமையாளர் பாசத்தோடு ஒரு துணியை எடுத்து உலர்ந்தபடியே துடைப்பார். தூசியில் மணல் துகளும் உண்டு. அதைத் துணியால் அழுத்தி இழுப்பதும் மிக மென்மையான உப்புத்தாளால் தேய்ப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வண்டிக்குப் போர்த்தும் உறையும் அப்படித்தான். காற்றில் அசையும் உறைக்கும் பெயிண்ட்டுக்கும் நடுவே தூசி மாட்டினால் இரவு முழுக்க அது தேய்த்துக்கொண்டே இருக்கும்.

புது வண்டியிலும் இருக்கலாம். ஒப்படைக்கும் முன் யாரோ அவசரமாகக் கழுவித் துடைத்திருப்பார்கள். என்னிடம் வந்த வண்டிகளில் மோசமான பானெட்கள் சில, சாலையையே அதிகம் பார்க்காத வண்டிகளுடையவை.

இவ்வளவு விலை உயர்ந்த கார். பெயிண்ட்டும் தடிமனாகத்தானே இருக்கும்?

இந்த நம்பிக்கைதான் நிறைய பேனல்களைக் கெடுத்திருக்கிறது. விலைக்கும் தடிமனுக்கும் சம்பந்தம் இல்லை. தொழிற்சாலைப் பெயிண்ட் மொத்தமாக, அதாவது பிரைமர் என்னும் அடிப்பூச்சு, நிறம், கிளியர் எல்லாம் சேர்த்து, பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். இதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடியே கிட்டத்தட்ட 70 மைக்ரான் தடிமன் என்பதை நினைத்துப் பாருங்கள். முடியைவிட மெல்லிய ஒரு படலத்தில்தான் நாம் மெஷினை வைக்கிறோம்.

இன்னொன்று. கீறலை நிலையாக நிரப்பவோ அழிக்கவோ வழியில்லை. சுற்றியுள்ள கிளியர் கோட்டைக் கீறலின் அடிமட்டம் வரைக்கும் இறக்குகிறோம், அவ்வளவுதான். போனது திரும்பாது. அந்தப் படலம்தான் நிறத்தைப் புற ஊதாக் கதிரிலிருந்தும் காக்கிறது. அளவுக்கு மீறி மெலிந்தால் சில ஆண்டுகளில் வெளுத்து, தோல் உரிவது போல உரியத் தொடங்கும். சுமார் 8 மைக்ரானுக்கு மேல் எடுக்காதீர்கள் என்பது தொழிலில் பரவலாகச் சொல்லப்படும் எச்சரிக்கை. அது வண்டியின் வாழ்நாள் முழுமைக்குமான கணக்கு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

பெயிண்ட் தடிமனை அளக்கும் கருவி கட்டாயம் வேண்டுமா?

வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொன்னவர்கள் இந்த வேலையைத்தான் மனதில் வைத்திருந்தார்களோ என்று எனக்குத் தோன்றும்.

ஒரு கருப்பு வண்டி வந்தது. பானெட்டில் 112, 108, 115. கூரையில் 105. இடது பக்கம் முழுக்க இதையொட்டியே எண்கள். வலது பின் பேனலில் கருவியை வைத்தேன், 260. ஒரு சாண் தள்ளி வைத்தேன், 310. உரிமையாளர் முகம் மாறிவிட்டது. எங்கும் இடிக்காத வண்டி என்று சொல்லித்தான் அவருக்கு விற்றிருக்கிறார்கள். சுழல் கீறல் எடுக்க வந்த இடத்தில் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது.

மறுபடி பெயிண்ட் அடித்த பேனல் தடிமனாக இருப்பதால் தைரியமாகத் தேய்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். அந்த 300 மைக்ரானில் கிளியர் எவ்வளவு, அடியில் பட்டி எவ்வளவு என்று சாதாரணக் கருவி சொல்லாது. மொத்தத்தை மட்டும் சொல்லும்.

கருவியை வைத்தால் சில பேனல்களில் எண்ணே வரவில்லை. பழுதா?

பழுது இல்லை, பேனல் உலோகம் இல்லை. சாதாரணக் கருவி இரும்பில் காந்தத் தூண்டல் முறையிலும், அலுமினியத்தில் சுழல் மின்னோட்ட முறையிலும் அளக்கிறது. கார்பன் ஃபைபர், ஃபைபர் கிளாஸ், பிளாஸ்டிக் பம்பர் இவற்றில் இரண்டுமே உதவாது. இவற்றுக்கு ஒலி அலையால் அளக்கும் அல்ட்ராசோனிக் கருவி வேண்டும். ஒரு சொட்டு ஜெல் வைத்து அளப்பார்கள், நல்லதாக இருந்தால் அடுக்குகளைத் தனித்தனியாகவும் காட்டும். விலை அதிகம்.

ஸ்போர்ட்ஸ் கார்களில் இது முக்கியமான சங்கதி. கார்வெட் 1953-இல் முதன்முதலில் வந்ததே ஃபைபர் கிளாஸ் உடலோடுதான். மெக்லாரன் வண்டிகளில் அலுமினியமும் கார்பன் ஃபைபர் போன்ற கலப்பு இழைப் பேனல்களும் கலந்தே இருக்கும். ஒரே வண்டியில் கதவு ஒரு பொருள், அடுத்த பேனல் வேறு பொருள். அளக்க முடியாத பேனலில் நான் செய்வது ஒன்றே ஒன்று: மிக மென்மையான பேட் (மெஷினில் மாட்டித் தேய்க்கும் வட்டு), மிக மென்மையான பாலிஷ், அதில் போகும் வரை போகட்டும்.

மெஷின் வைக்கும் முன் என்னென்ன செய்ய வேண்டும்?

கழுவ வேண்டும். ஒழுங்காகக் கழுவ வேண்டும். நுரை அடித்து ஊறவிட்டு, அழுத்தத் தண்ணீரால் தளர்ந்த அழுக்கை ஓட்டி, அப்புறம்தான் கை வைக்க வேண்டும். நடுவிலோ பின்னாலோ எஞ்சின் இருக்கும் வண்டியில் எஞ்சின் மூடியின் துவாரங்களை நோக்கித் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள். அங்கே நுரையும் ஈரத் துண்டும் போதும்.

அடுத்து, பெயிண்ட்டில் குத்தி உட்கார்ந்திருக்கும் இரும்புத் துகள்கள். பிரேக்கிலிருந்து பறப்பவை. இதற்கென்று விற்கும் திரவத்தை அடித்தால் துகள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறத்தில் வழியும். நாற்றம் குடலைப் புரட்டும், கதவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். தார்ப் புள்ளிகளுக்குத் தனித் திரவம். கடைசியாக, ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்க இதற்கென்றே விற்கும் களிமண் கட்டி (கிளே பார்): வழவழப்பான திரவம் தெளித்து, எடை கொடுக்காமல் ஓட்ட வேண்டும். ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பெயிண்ட்டைத் தடவினால் சொரசொரப்பு நன்றாகத் தெரியும். சொரசொரப்பு தெரியாத பேனலுக்குக் களிமண் வேண்டாம், ஏனென்றால் அதுவும் லேசாகக் கீறும்.

பிறகு டேப். ரப்பர் விளிம்பு, சின்னம், வலைக் கம்பி, வெளியே தெரியும் கார்பன், கண்ணாடி ஓரம், எல்லாவற்றையும் மூடுங்கள். இதற்கே எனக்கு இரண்டு மணி நேரம் ஓடிவிடும். கூர்மையான மடிப்புகளையும் பேனல் விளிம்புகளையும் சேர்த்து மூடுங்கள். அங்கே பெயிண்ட் இயல்பிலேயே மெல்லியது, மெஷினின் எடை முழுவதும் அந்தக் கோட்டின் மேல்தான் இறங்கும். தொழிலுக்கு வந்த புதிதில் ரோட்டரி என்னும் வேகமான பாலிஷ் மெஷினோடு ஒரு கதவின் மடிப்பைக் கடந்தேன். பேட்டை எடுத்துப் பார்த்தால் ஒரு நெல் அளவுக்குச் சாம்பல் நிறப் பிரைமர். அந்தக் கதவுக்கு மறுபடி பெயிண்ட் அடித்த செலவு என்னுடையது.

எந்த மெஷின்? ரோட்டரியா, டி.ஏ.வா?

ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும். வேகமாக வெட்டும், ஒரே இடத்தில் சூட்டையும் கிளப்பும். டி.ஏ. என்னும் இரட்டை அசைவு மெஷின் சுற்றிக்கொண்டே ஊசலாடும். வெட்டு கொஞ்சம் குறைவு, ஆபத்தும் குறைவு. ஊசலாட்டத்தின் அகலத்தை 8, 15, 21 மில்லிமீட்டர் என்று சொல்வார்கள். பெரிய சமதளப் பேனலுக்கு 21 சுகமானது.

ஸ்போர்ட்ஸ் காரில்தான் சமதளமே கிடையாதே! பின் சக்கரத்துக்கு மேல் எழும்பும் அந்த வளைவில் வைத்தால், தானாகச் சுற்ற வேண்டிய டி.ஏ. பேட் சுற்றாமல் நின்று வெறுமனே அதிரும். மெஷின் சத்தம் மாறாததால் நமக்குத் தெரியாது. பேட் மாட்டும் தகட்டின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு சுற்றுவது தெரிந்தால் வேலை நடக்கிறது. கோடு ஒரே இடத்தில் நடுங்கினால் அழுத்தத்தைக் குறையுங்கள், அல்லது பேட் தட்டையாக உட்காரும்படி கையைத் திருப்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் 75 மில்லிமீட்டர் சின்ன பேட்டுக்கு மாறுங்கள். கட்டாயச் சுழற்சி உள்ள 8 மில்லிமீட்டர் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

வீட்டில் முதன்முறை செய்பவர் ரோட்டரி பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

பாலிஷ் போட்ட பிறகு கருப்பு பெயிண்ட்டில் நீள நீளமாக, அசைந்தால் கூடவே நழுவும் பட்டைகள் தெரிகின்றன. இது என்ன?

ஹாலோகிராம். ரோட்டரியும் கம்பளி பேட்டும் விட்டுப்போன தடம். மெஷின் போன பாதையே வெளிச்சத்தில் நெளியும். சுழல் கீறலை எடுத்தவர் கடைசிச் சுற்று மென்மையான பேட்டில் செய்யாமல் வண்டியைக் கொடுத்துவிட்டார் என்று பொருள். டி.ஏ.வும் மிருதுவான ஃபோம் பேட்டும் ஃபினிஷிங் பாலிஷும் இருந்தால் போய்விடும்.

எந்த பாலிஷ், எந்த பேட் என்று எப்படி முடிவு செய்வது?

டெஸ்ட் ஸ்பாட்தான், அதாவது முதலில் ஒரு சின்ன இடத்தில் சோதித்துப் பார்ப்பதுதான், முடிவு செய்யும். "ஜெர்மன் பெயிண்ட் கெட்டி, ஜப்பான் பெயிண்ட் மிருது" என்று பட்டியல்கள் உலவுகின்றன. ஓரளவு அனுபவத்தில் வந்த பேச்சுதான், ஆனால் அதை நம்பி நேராகக் கம்பளி பேட்டைத் தூக்காதீர்கள். ஒரே நிறுவனம் வேறு வேறு நிறத்துக்கு வேறு மாதிரிப் படலம் அடிக்கும். மேலும் உங்கள் வண்டியின் அந்தப் பேனலை யார் எப்போது மறுபடி அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

பானெட்டில் அரை மீட்டர்ச் சதுரம் ஒன்றை டேப்பால் கட்டுங்கள். மிக மென்மையான ஜோடியில் தொடங்குங்கள். போதவில்லையா, பாலிஷை அப்படியே வைத்து பேட்டை மட்டும் ஒரு படி ஏற்றுங்கள். இன்னும் போதவில்லையா, பிறகு பாலிஷை ஏற்றுங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். எதில் 80, 85 சதவீதம் கீறல் மறைகிறதோ அங்கேயே நில்லுங்கள் என்பேன். மிச்சப் 15 சதவீதத்துக்காகத்தான் எல்லோரும் கிளியர் கோட்டைக் கரைக்கிறார்கள்.

ஒரு பேனலில் வேலை எப்படி நடக்கும்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

புது பேட்டின் முகம் முழுக்க பாலிஷை விரலால் தேய்த்து நனைத்துக்கொள்வேன். உலர்ந்த இடம் பெயிண்ட்டில் பட்டால் அதுவே கீறும். பிறகு பட்டாணி அளவில் நான்கு சொட்டு. மெஷினைப் பெயிண்ட்டில் வைத்த பிறகுதான் சுவிட்ச். மறந்து முதலில் சுவிட்ச் போட்டவர்கள் கூரை வரை புள்ளி துடைத்திருப்பார்கள்.

மெதுவான வேகத்தில் சதுரம் முழுக்கப் பரப்பி, பிறகு 4 அல்லது 5-ஆம் வேகம். கை நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் நகர வேண்டும். பார்ப்பவருக்குத் தூங்குகிற மாதிரி இருக்கும், அந்த அளவுக்கு நிதானம். முந்தின பட்டையின் பாதி மேல் அடுத்த பட்டை விழ வேண்டும். இடவலமாக ஒரு முறை, மேலும் கீழுமாக ஒரு முறை, இப்படி நான்கு முதல் ஆறு முறை. வெள்ளையாக இருந்த பாலிஷ் மெல்ல மெல்லத் தெளிந்து எண்ணெய்ப் படலம் போல ஆகும். பொடி பறக்கத் தொடங்கினால் நீங்கள் நேரத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

துடைப்பதற்கு ஓரத்தில் தையல் இல்லாத மைக்ரோஃபைபர் துண்டு. நான்காக மடித்து, ஒவ்வொரு முகமாகத் திருப்பித் திருப்பி. விளக்கை நேராகப் பிடிக்காமல் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அடுத்த சதுரத்துக்குப் போகும் முன் காற்றழுத்தக் குழாயாலோ பிரஷ்ஷாலோ பேட்டைச் சுத்தம் செய்யுங்கள். உரித்தெடுத்த கிளியர் கோட்டும் தீர்ந்துபோன பாலிஷும் சேர்ந்து பேட்டில் பசையாகிவிடும். அப்படியே தொடர்ந்தால் புதுக் கீறல் போட்டுக்கொண்டே போவீர்கள். ஒரு முழு வண்டிக்கு எனக்கு எட்டு பத்து பேட்கள் ஆகும். இரண்டு பேட்டில் முடித்தேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

கார்பன் பேனலிலும் பிளாஸ்டிக் பம்பரிலும் என்ன வித்தியாசம்?

சூடு. அலுமினியம் சூட்டை வாங்கிப் பரப்பிவிடும். கலப்பு இழையும் பிளாஸ்டிக்கும் பரப்பாது, தேய்த்த இடத்திலேயே சூடு தேங்கும். பெயிண்ட் இளகி, பேட்டோடு இழுபட்டுச் சுருங்கிவிடலாம். இங்கெல்லாம் குறைந்த வேகம், சின்ன சதுரம், அடிக்கடி நிறுத்தம். புறங்கையை வைத்துப் பாருங்கள். வைத்திருக்க முடியாத சூடு என்றால் அது ஏற்கெனவே அதிகம்.

ஓடி வந்த வண்டியின் எஞ்சின் மூடியும் அப்படியே. முழுக்க ஆறும் வரை அந்தப் பேனலைத் தொடாதீர்கள்.

இழை வெளியே தெரியும்படி விட்ட கார்பன் பாகங்களின் மேலும் கிளியர் கோட்தான் இருக்கிறது, அதுவும் கீறும், அதையும் பாலிஷ் செய்யலாம். ஆனால் படலத்தைத் தாண்டிவிட்டால் இழையே அறுபடும். தொட்டுச் சரிசெய்ய வழி இருக்காது.

மேட் பெயிண்ட்டில் சுழல் கீறல் எடுக்க முடியுமா?

முடியாது. மேட் மங்கலாகத் தெரிவதே அதன் மேற்பரப்பு நுண்ணிய மேடு பள்ளமாக இருப்பதால்தான். தேய்த்தால் மேடு மழுங்கி அந்த இடம் மட்டும் பளபளக்கும், திரும்பவும் மேட் ஆகாது. களிமண் கட்டியும் வேண்டாம், வழக்கமான மெழுகும் வேண்டாம். கீறல் மனதை உறுத்தினால் பேனலுக்கு மறுபடி பெயிண்ட்தான்.

பழைய வண்டி. பேட்டில் சிவப்பு நிறமே ஒட்டி வருகிறது. கிளியர் கோட் போய்விட்டதா?

பதறாதீர்கள். 1980-களில்தான் கிளியர் கோட் பரவலானது. அதற்கு முந்தைய பல வண்டிகளில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சுதான், பேட்டில் நிறம் வருவது இயல்பு. வெளியே தெரியாத ஓர் இடத்தில், உதாரணமாகக் கதவின் உள்விளிம்பில், வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். அங்கேயும் நிறம் வந்தால் ஒற்றைப் பூச்சு. அங்கே வராமல் பானெட்டில் மட்டும் வந்தால்தான் வயிற்றில் புளியைக் கரைக்க வேண்டும்.

ஒற்றைப் பூச்சுச் சிவப்பு வெயிலில் வெளுத்து, சுண்ணாம்பு தடவிய மாதிரி ரோஸ் நிறமாகும். அந்த மேல்தோல் மட்டும்தான் செத்தது. மெல்ல எடுத்தால் அடியிலிருந்து எழும்பி வரும் சிவப்பைப் பார்ப்பது இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த தருணம். முதல் நாள் கிளேஸ் என்னும் எண்ணெய்ப் பசையுள்ள பூச்சைத் தடவி ஊறவிட்டு, மறுநாள் மிருதுவான பேட்டில் தொடங்குவேன். உலர்ந்த பெயிண்ட்டை நேராகத் தேய்ப்பதைவிட இதில் குறைவாகவே உரிகிறது என்பது என் அனுபவம்.

இந்தப் பேச்சில் ஃபெராரி எஃப் 40 பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1987-இல் வந்தது. எடை குறைக்க வேண்டுமென்று கலப்பு இழைப் பேனல்களின் மேல் பெயிண்ட்டை மிக மெல்லியதாக அடித்தார்கள். சிவப்புக்கு அடியில் நெசவின் கட்டம் தெரியும். அதைக் குறை என்று நினைத்துத் தேய்க்கவோ மறைக்கவோ கிளம்பினால் தீர்ந்தது கதை. அது அசல் பெயிண்ட் என்பதற்கு அடையாளமாக வாங்குபவர்கள் தேடுவதே அந்த நெசவைத்தான்.

எல்லாக் கீறலும் போய்விடுமா?

நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். தட்டாமல் வழுக்கினால் பெரும்பாலும் போகும். நகம் சிக்கினால் அது பாலிஷில் போகாது. போக்க நினைத்தால் அந்த இடத்தில் கிளியர் மிஞ்சாது. ஆழமான ஒற்றைக் கீறலின் விளிம்புகளை மழுக்கிவிட்டால் வெளிச்சத்தில் வெட்டாது, பாதி மறைந்த மாதிரி இருக்கும். அதோடு விடுவதே சரி.

ஆரஞ்சுத் தோல் போன்ற மேடு பள்ளத்தைச் சமன்செய்யச் சொல்லி 2000, 3000 எண் உப்புத்தாளோடு வருபவர்கள் உண்டு. செய்ய முடியும், தொழிற்சாலைப் பெயிண்ட்டில் நான் செய்வதில்லை. எடுக்க வேண்டிய தடிமன் அவ்வளவு. புதிதாகத் தாராளமாக கிளியர் அடித்த பேனல் என்றால் வேறு விஷயம்.

போன முறை பாலிஷ் போட்டு நன்றாகத்தான் இருந்தது. சில வாரத்தில் எல்லாக் கீறலும் திரும்பிவிட்டதே?

திரும்பவில்லை, போகவே இல்லை. பூசி மெழுகி அனுப்பியிருக்கிறார்கள், சொல்லுக்குச் சொல் அதே அர்த்தத்தில். சில கிளேஸ்களும் மலிவுப் பாலிஷ்களும் கீறல் பள்ளத்தை எண்ணெயாலும் மெழுகாலும் நிரப்பிவிடும். சில முறை கழுவியதும் அது ஓடிவிடும். ஒப்படைக்கும்போது, தண்ணீர் கலந்த ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தெளித்து ஒரு பேனலைத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். துடைத்த பிறகும் வெயிலில் சுத்தமாக இருந்தால் வேலை உண்மை.

பறவை எச்சம், தண்ணீர்க் கறை?

எச்சத்தின் அமிலமும் வெயிலும் சேர்ந்து கிளியர் கோட்டை அரிக்கும். காய்ந்ததைச் சுரண்டாதீர்கள், ஈரத் துணியை அதன் மேல் பத்து நிமிடம் போட்டு வைத்து, ஊறியதும் தூக்கி எடுங்கள். உப்புத் தண்ணீர்க் கறைக்கு முதலில் மிதமான அமிலத் திரவத்தைப் பாருங்கள், மெஷின் அப்புறம். குழி விழுந்துவிட்டால் கீறலுக்குச் சொன்ன அதே நியாயம்தான்.

பி.பி.எஃப். ஒட்டிய வண்டி. கீறல் எதில் இருக்கிறது?

இரண்டிலும் இருக்கலாம். பி.பி.எஃப். என்பது பெயிண்ட்டைக் காக்க அதன் மேல் ஒட்டும் நிறமற்ற பாலியூரித்தேன் படம் (ஃபிலிம்), பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரான், அதாவது பெயிண்ட் முழுவதையும்விடத் தடிமன். மேலே விழுந்த மெல்லிய கீறல் வெந்நீர் ஊற்றினாலோ வெயிலில் நிறுத்தினாலோ தானே மறையும். நல்ல படங்களின் மேல்பூச்சு அப்படி. மறையவில்லை என்றால், கீறலைச் சரிசெய்யாமலே மேலே படம் ஒட்டியிருக்கலாம்.

மெஷின் வைக்கும் முன் படம் எங்கே முடிகிறது என்று விரல்நகத்தால் விளிம்பைத் தேடுங்கள். பேனலின் நடுவில் முடியும் படங்களும் உண்டு. அந்த விளிம்பில் பேட் மாட்டினால் உரித்துக்கொண்டு போகும். படத்தை எடுப்பதாக இருந்தால், மறுபடி பெயிண்ட் அடித்த பேனலா என்று முதலில் அளந்து பாருங்கள். ஒட்டுதல் சரியில்லாத பெயிண்ட் படத்தோடு சேர்ந்து வந்துவிடும்.

செராமிக் கோட்டிங் போட்டால் இனிக் கீறலே விழாதாமே?

விழும். அதன் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான் இருந்தால் அதிகம். தண்ணீர் உருண்டோடும், அழுக்கு குறைவாக ஒட்டும், கழுவுவது சுலபம். அதனால் தேய்ப்பது குறைந்து கீறலும் குறைகிறது. இதைத் தாண்டிச் சொல்வதெல்லாம் விளம்பரம். கல் தெறிப்பிலிருந்து காக்க வேண்டும் என்றால் பி.பி.எஃப். ஒன்றுதான். எதைப் போட்டாலும் அதற்கு முன்பே கீறலை எடுத்துவிடுங்கள்.

எத்தனை நாள் ஆகும்?

ஒரே படிநிலையில் முடிக்கும் லேசான வேலைக்கு ஒரு முழு நாள். இரண்டு மூன்று படிநிலை என்றால் 20 முதல் 40 மணி நேரம் வரை போகும். துவாரம், இறக்கை, ஸ்பாய்லர் என்று இண்டு இடுக்கு அதிகமுள்ள வண்டிகளில் கை வேலையே பாதி.

வேறொருவரிடம் வேலையைக் கொடுக்கிறேன். என்ன கேட்க வேண்டும்?

அளந்து எழுதித் தருவீர்களா என்று கேளுங்கள். முன்னும் பின்னும், பேனல் வாரியாக. சாதாரணக் கருவியின் பிழையே இரண்டு மூன்று மைக்ரான் இருக்கும், அதனால் ஒரு சுற்றில் எடுத்ததைத் துல்லியமாகப் பிடிக்க முடியாது. ஆனால் அளந்து எழுதுகிறவர் கை தானாகவே அடங்கும். எந்தப் பேனலைத் தொட மாட்டீர்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். "எல்லாவற்றையும் நூறு சதவீதம் எடுத்துத் தருகிறேன்" என்று உடனே சொன்னால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

சரிசெய்த பிறகு எப்படிக் கழுவ வேண்டும்?

இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர், இரண்டின் அடியிலும் அழுக்கு மேலே வராமல் தடுக்கும் தட்டி. கையுறையை ஒரு பேனல் தேய்த்ததும் வெறும் தண்ணீரில் அலசி, பிறகே ஷாம்புவில் தோய்க்க வேண்டும். மேலிருந்து கீழாக வாருங்கள். சக்கரங்களுக்குத் தனி வாளி, தனித் துணி. காயவைக்கக் காற்றூதி இருந்தால் சிறப்பு, இல்லாவிட்டால் பெரிய துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள். உலர்ந்த தூசியைத் துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள்.

துண்டு தரையில் விழுந்துவிட்டால் உதறி எடுத்து மறுபடி பானெட்டில் வைக்கும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது, எனக்கும் இருந்தது. அந்தத் துண்டைச் சக்கர வாளிக்குப் போட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள்.